படகுத் தூண்டிலுக்கேற்ற காசெட் ரீல்

தூண்டில் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன மூங்கிற் கழியும், முள்ளும், மண்புழுவுமே. இங்கிலாந்திலுள்ள சூ வேலி, கிராபாம், ரட்லண்டு முதலிய நீர்த்தேக்கங்களிலோ, இறகும் பட்டிழையும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சியைக் காட்டி டிரவுட் மீனைப் பிடிக்கின்றனர். 1956 இல் திறக்கப்பெற்ற சூ வேலி ஏரியின் பரப்பு ஏறத்தாழ 1,200 ஏக்கர். ரட்லண்டு ஏரியோ அதனினும் பெரிது. அப்பரந்த நீரில் இருவர் ஒரு படகிலமர்ந்து, காற்றுத் தள்ளும் போக்கிலே மிதந்தவாறு தூண்டில் வீசுவர். அவர்களுக்கு ஏற்ற ரீல் எது?

பொய்ப்பூச்சிக்கு எடை மிகக் குறைவு. கனத்த தூண்டில் நூலே அதனைச் சுமந்து செல்கிறது. மிதக்கும் நூல், மெல்ல அமிழும் நூல், விரைந்து அமிழும் நூல் என அது பல வகைப்படும். நொடிக்கு 3 அங்குலம் அமிழும் நூல் 20 நொடியில் 5 அடி இறங்கும். 7 அங்குலம் அமிழ்வது அதே நேரத்தில் ஏறக்குறைய 12 அடி சென்றுவிடும். காலையில் மேல்நீரில் மேய்ந்த மீன், வெயில் ஏறியதும் ஆழத்தை நாடக்கூடும். அப்பொழுதும் மேலேயே பூச்சியை இழுத்துக்கொண்டிருப்பவன் ஆளில்லா வீட்டின் கதவைத் தட்டுகிறான்.

ஆகவே படகில் செல்பவருக்குப் பல நூல்கள் வேண்டும். நூலுக்கொரு உலோக உருளை வாங்கின் செலவு மிகும். இக்குறையைப் போக்க வந்ததே காசெட் ரீல். இதில் நூல் ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் சுற்றப்பட்டிருக்கும். அவ்வளையத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் நூல் மாறிவிடும். விலையும் குறைவு, எடையும் குறைவு.

வாங்குவோர் நோக்க வேண்டியவை நான்கு. முதலாவது, வளையத்தின் இருக்கை. அது ஆடாமல் அமர வேண்டும்; விளிம்பில் இடுக்கு இருப்பின் மெல்லிய நூல் அதனுள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது, கொள்ளளவு. மிதக்கும் நூல் பருமனானது. அதனோடு, ஓடும் மீனுக்கு விட்டுக்கொடுக்கும் பின்னூல் 50 கெஜமேனும் அடங்குகிறதா என்று காண்க. மூன்றாவது, தடை. மீன் பாயும்போது ரீல் திடீரென்று பற்றாமல் சீராகச் சுழல வேண்டும். பற்றினால் முனை இழை அறும், மீனும் போகும். நான்காவது, நடுத்தண்டின் அகலம். அகன்ற தண்டில் நூல் சுருள் படிவது குறையும். மீன் படகை நோக்கி ஓடிவரும்போது விரைவாகச் சுற்றவும் இயலும்.

இவற்றினும் மேலாக ஒன்றுண்டு. ஒரு ரீலின் வளையம் மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அந்த வகை ரீல் கடையிலிருந்து மறைந்தால் அதன் வளையமும் மறையும். எனவே வேண்டிய வளையங்களைத் தொடக்கத்திலேயே வாங்கி, ஒவ்வொன்றிலும் நூலின் பெயரை எழுதிவைப்பதே அறிவுடைமை.

பளபளப்பான ஒரு ரீலும் ஒரே ஒரு நூலும் உடையவன் ஓர் ஆழத்தையே அறிவான். எளிய ரீலும் நான்கு வளையங்களும் உடையவனுக்கோ ஏரியின் நான்கு தளங்களும் திறந்திருக்கும். நண்பர்களே, கருவியை அதன் அழகால் எடைபோடாது, அது செய்யவேண்டிய பணியால் எடைபோடுவோமாக!