முதல் நாவல் எழுதுகிறீர்களா?

மொன்றியல் டவுன்டவுனில் இருக்கும் மக்கில் பல்கலைக்கழகத்தில் பிற்காலத்தில் பேராசிரியராக இருந்தவர் ஹியூ மெக்லென்னன். முதலில் எழுதிய இரண்டு நாவல்களிலும் கதையை அயல்நாடுகளில் நடக்கவிட்டார், இரண்டும் அச்சேறவில்லை. தெரிந்த மண்ணை எழுதச் சொன்னவர் மனைவி டொரத்தி டங்கன். பத்து வயதில் ஊரில் பார்த்த 1917 ஹாலிஃபாக்ஸ் வெடிவிபத்தை எழுதினார். 1941-இல் 'பாரோமீட்டர் ரைசிங்' வந்தது, பெயரும் கிடைத்தது.

நீங்களும் பார்க்காத பாரிஸை விட்டுவிட்டு, பனிபூட்ஸோடு தினமும் இறங்கும் மெட்ரோ நிலையத்தை எழுதுங்கள்.

முதல் அத்தியாயத்தையே திருத்திக்கொண்டிருக்காமல் முடிவுவரை போய்விடுங்கள்.

உரையாடலை வீட்டில் உரக்க வாசியுங்கள். அழவேண்டிய இடத்தில் அக்கா சிரித்தால் அந்த வரியை வெட்டிவிடலாம்.

வீட்டில் இடமில்லையா? பெரி-யூகாம் மெட்ரோவை ஒட்டிய கிராண்ட் பிப்லியோதெக் நூலகத்தில் இலவசமாக உட்கார்ந்து எழுதலாம்.