முள்ளு பொய் சொல்லுதா? பழைய மினி காரின் ஃப்யூயல் கேஜ்

முள்ளு "பாதி டேங்க்"னு காட்டுது, ஆனா வண்டி பெட்ரோல் இல்லாம நடுரோட்டுல நிக்குது. உடனே புது கேஜ் வாங்க ஓடாதீங்க. தப்பு எங்கன்னு கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் ஒரு ரெசிஸ்டரும் போதும்.

1960களின் பிற்பகுதியில் வந்த பிரிட்டிஷ் மினி காரை எடுத்துக்குவோம். பேட்டரி, ஸ்டெபிலைசர், கேஜ், டேங்க் யூனிட், பாடி எர்த். எல்லாமே சீரிஸ் சர்க்யூட்தான். ஸ்டெபிலைசர் சராசரியாக 10 வோல்ட் தரும். கேஜுக்குள் ஒரு பைமெட்டல் பட்டை; கரண்ட் போனா சூடாகி வளைஞ்சு முள்ளைத் தள்ளும். முள்ளு மெதுவா ஏறுறது அதனாலதான். டேங்க் நிறைந்தால் ஃப்ளோட் மேலே வரும், ரெசிஸ்டன்ஸ் சுமார் 20 ஓம். காலியானா 240 ஓம் பக்கம்.

இப்போ சோதனை. மினியில் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கு. பெட்ரோல் ஆவி அங்கேயே தேங்கும், ஒரு சின்னப் பொறி போதும். டிக்கியை நல்லா திறந்து காத்தாட விடுங்க. ஒயரைத் தொடும் ஒவ்வொரு முறையும் இக்னிஷன் ஆஃப்ல இருக்கணும்.

1. டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பா காட்டுதா? ரெண்டுக்கும் பொதுவான ஸ்டெபிலைசரைப் பாருங்க. அதோட எர்த் விட்டுப்போனா ரெண்டு முள்ளும் அதிகமா காட்டும். டிஜிட்டல் மீட்டரில் அதன் வோல்டேஜ் 0க்கும் 12க்கும் குதிக்கும். பயப்படாதீங்க, அது வேலை செய்யுற விதமே அப்படித்தான்.

2. ஃப்யூயல் முள்ளு மட்டும் தப்பா? டேங்க் யூனிட்டில் இருந்து பச்சை-கருப்பு ஒயரைக் கழற்றி, இக்னிஷன் போடுங்க. முள்ளு காலிக்கு இறங்கணும். இறங்கலைன்னா ஒயர் எங்கேயோ பாடியில் உரசுது.

3. இக்னிஷனை அணைச்சு, அதே ஒயரை 20 ஓம் ரெசிஸ்டர் வழியா எர்த் பண்ணி, மறுபடி போடுங்க. முள்ளு ஃபுல்லுக்கு ஏறினா கேஜும் ஒயரும் நல்லா இருக்கு. தப்பு டேங்க் பக்கம். ஏறலைன்னா கேஜ், சப்ளை, ஒயர் பக்கம் தேடுங்க. ரெசிஸ்டர் இல்லாம நேரடியா எர்த் பண்ணினா கேஜ் கருகலாம்.

4. தப்பு டேங்க் பக்கம்னா, முதல்ல யூனிட்டின் கருப்பு எர்த் ஒயரைச் சுரண்டி சுத்தம் பண்ணுங்க. பல நேரம் துருதான் வில்லன்! அப்புறம் இக்னிஷன் ஆஃப்ல ஓம் அளந்து பாருங்க. முடிவிலின்னு காட்டினா உள்ளே காயில் அறுந்திருக்கு. பெட்ரோல் இருந்தும் 240லேயே நின்னா ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம். யூனிட்டைக் கழற்றும் முன் பெட்ரோலை வடிச்சிடுங்க. அது டேங்கின் பக்கவாட்டில் இருப்பதால், இல்லன்னா எல்லாம் டிக்கிக்குள்ளே கொட்டும்.

ஒரு எச்சரிக்கை: இன்னும் பழைய, ரெண்டு காயில் உள்ள கேஜில் இது தலைகீழ். அதில் ஒயரைக் கழற்றினா ஃபுல் காட்டும். முள்ளு சட்டுன்னு துள்ளி எழுந்தா அந்த வகைன்னு புரிஞ்சுக்கோங்க.

கவனிச்சீங்களா? ஒரு ஒயரைக் கழற்றி சர்க்யூட்டை ரெண்டா பிரிச்சோம், நல்லா இருக்கிற பாதியை ஒதுக்கினோம். லேப்ல உங்க ப்ராஜெக்ட் ஓடாம மானத்தை வாங்கும்போதும் இதே வழிதான். பார்ட்டை மாத்துறதுக்கு முன்னாடி, பாதியைப் பிரிங்க!