செங்கோலும் குடவோலையும்: மனித ஆட்சி நிறைவு பெறுமா?

முன்னுரை

மாந்தர் கூடி வாழத் தலைப்பட்ட நாள்முதலே, தம்மை ஆள்வோர் யார், அவர் எவ்வாறு ஆளவேண்டும் என்னும் வினாக்களும் உடன்தோன்றின. குடித்தலைவன், வேந்தன், கலீஃபா, நாடாளுமன்றம், பொதுவுடைமைக் கட்சி எனப் பல ஆட்சி வடிவங்களை உலகம் கண்டுவிட்டது. ஒவ்வொன்றும் தோன்றிய காலத்தில் பெரும் நம்பிக்கையை ஊட்டியது, பின்னர்க் குறையுற்றது. எனவே, மனிதன் வகுக்கும் எந்த ஆட்சி முறையேனும் உண்மையில் வெற்றிபெற இயலுமா என்னும் ஐயம் எழுகின்றது.

இவ்வையம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 'எவர் வந்தாலும் இதே நிலைதான். வாக்களித்து என்ன பயன்?' என்று இளைஞர் பலர் கேட்கின்றனர். 'ஆட்சி இறைவனுக்கே உரியது. மனிதன் வகுத்த சட்டங்களில் நமக்கு என்ன வேலை?' என்று சமுதாயத்திலும் சிலர் ஒதுங்கி நிற்கின்றனர். இவ்விரு குரல்களும் வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்பட்டு, பொதுவாழ்வைக் கைவிடுதல் என்னும் ஒரே முடிவில் வந்து சேர்கின்றன. இம்முடிவு சரிதானா என்பதை இலக்கியச் சான்றுகளாலும் வரலாற்றுச் சான்றுகளாலும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெற்றியின் அளவுகோல்

முதற்கண், ஆட்சியின் வெற்றி எது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். நெடுங்காலம் நிலைத்தலே வெற்றியாயின், கொடுங்கோலர் பலரும் வெற்றிபெற்றோரே ஆவர். பரந்த நிலப்பரப்பே வெற்றியாயின், படை வலிமையே ஆட்சிக்கு இலக்கணமாகிவிடும். எளியோனுக்கும் நீதி எட்டுதல், ஆள்வோர் பிழை செய்யின் அப்பிழை திருத்தப்படுதல் ஆகிய இரண்டையுமே நாம் இங்கு அளவுகோலாகக் கொள்கின்றோம்.

வள்ளுவமும் சிலம்பும்

திருக்குறளின் பொருட்பாலில் இறைமாட்சி தொடங்கி இடுக்கணழியாமை ஈறாக 25 அதிகாரங்கள் அரசியல் என்னும் பகுதியில் அமைந்துள்ளன. மன்னனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை வள்ளுவர் கூறவில்லை. அவர் காலத்தில் முடியாட்சியே நடைமுறையாக இருந்தது. ஆயினும், மன்னன் பிழை செய்வான் என்பதை அவர் மறந்தாரில்லை. குற்றங்கடிதலை அடுத்துப் பெரியாரைத் துணைக்கோடலை வைத்த முறை கருதத்தக்கது. இடித்துரைக்கும் துணை இல்லாத வேந்தன், பகைவர் இல்லாவிடினும் தானே கெடுவான் என்பது அவர் கருத்து. செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒரே கோல் வளையவும் கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தமை இதனாற் புலனாகின்றது.

சிலப்பதிகாரம் இதனை நிகழ்ச்சியாகவே காட்டுகின்றது. பாண்டியன் நெடுஞ்செழியன் தீயவன் அல்லன். தன் பிழை தெரிந்த கணத்தே உயிர் துறக்கும் அளவுக்கு நீதியில் நாட்டமுடையவன். ஆயினும், பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்றான், கோவலன் கொலையுண்டான். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் சிறு வினாவை முன்னரே எழுப்பியிருப்பின், ஓர் உயிர் பிழைத்திருக்கும். அவ்வினாவை எழுப்பும் கடமை அரண்மனையில் எவர்க்கும் இல்லை. கணவனை இழந்த ஒருத்தி அவைக்கு வந்து எழுப்ப வேண்டியதாயிற்று. ஆள்வோன் நல்லவனாயிருத்தல் மட்டும் போதாது. ஆராயும் முறையும் வேண்டும் என்பதே இக்காப்பியம் தரும் அரசியற் பாடம் எனலாம்.

நேர்வழிக் கலீஃபாக்களின் காலம்

இஸ்லாமிய வரலாற்றில் கி.பி. 632 முதல் 661 வரையிலான காலம் நேர்வழி நின்ற கலீஃபாக்களின் காலமாகப் போற்றப்படுகின்றது. தாம் நேரிய வழியில் நடப்பின் துணைநிற்குமாறும், தவறின் திருத்துமாறும் ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றபோதே மக்களை வேண்டினார்கள். ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை அமர்த்தும்போது அவர்தம் உடைமைகளைக் கணக்கெடுத்தார்கள். ஹஜ்ஜுக் காலத்தில் ஆளுநர்கள்மீது மக்கள் கூறும் முறையீடுகளைக் கேட்டார்கள். காதிஸிய்யாப் போரில் வெற்றி கண்ட ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களையே, கூஃபா நகரத்தார் முறையிட்டபோது ஆளுநர் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள்.

இத்துணைச் சிறப்புடைய ஆட்சியும் நிலைத்ததா என்பதை நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். நால்வரும் நான்கு வெவ்வேறு முறைகளில் பொறுப்புக்கு வந்தனர். முதல்வர் கூடியிருந்தோரின் உறுதிமொழியாலும், இரண்டாமவர் முன்னவரின் பரிந்துரையாலும், மூன்றாமவர் அறுவர் குழுவின் முடிவாலும், நான்காமவர் மதீனா மக்களின் உறுதிமொழியாலும் தலைமை ஏற்றனர். நால்வருள் மூவர் கொலையுண்டனர். 661-க்குப் பின்னர்க் கலீஃபாப் பதவி பரம்பரை அரசாயிற்று. கி.பி. 717 முதல் 720 வரை ஆண்ட உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள், தம் குடும்பத்தார் கவர்ந்திருந்த உடைமைகளை மீட்டு உரியோர்க்கு அளித்தார்கள். அவர் மறைந்ததும் பழைய போக்கே திரும்பியது. நற்பண்பு ஒருவரோடு வந்து ஒருவரோடு போயிற்று. அதனைத் தாங்கி நிற்கும் அமைப்பு உருவாகவில்லை.

இங்கு மற்றோர் உண்மையும் எண்ணத்தக்கது. திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் ஷூரா, அதாவது கலந்தாலோசனை, என்னும் பெயருடையது. கலந்து முடிவெடுத்தல் நம்பிக்கையாளரின் பண்பாக அங்குச் சுட்டப்படுகின்றது. ஆனால், அவ்வாலோசனை எவ்வடிவில் அமைய வேண்டும் என்பது வரையறுக்கப்படவில்லை. நெறி அருளப்பட்டது, வடிவம் மனிதரின் பொறுப்பில் விடப்பட்டது. எனவே, வடிவம் குறையுடையதாகவே இருக்கும் என்பதும், அதனைச் சீர்செய்தல் மனிதரின் கடமை என்பதும் நாம் பெறும் முடிவுகளாகும்.

இப்னு கல்தூன் கண்ட விதி

ஆட்சிகளின் வீழ்ச்சியைத் தனித்துறையாக ஆராய்ந்தவர் இப்னு கல்தூன் (1332–1406). துனிஸில் பிறந்து, வட ஆப்பிரிக்காவிலும் அந்தலூஸியாவிலும் பல அரசவைகளில் பணியாற்றி, சிறைவாசமும் கண்டு, கெய்ரோவில் நீதிபதியாக விளங்கி மறைந்தவர் அவர். 1377-இல் அவர் எழுதிய 'முகத்திமா' இத்துறையில் முதன்மையான நூலாகும்.

அஸபிய்யா எனப்படும் குழுப்பிணைப்பால் ஓர் ஆட்சி எழுகின்றது. முதல் தலைமுறை கடின வாழ்வில் உரம் பெற்றது. இரண்டாம் தலைமுறை அதனைக் கண்டறிந்தது. மூன்றாம் தலைமுறையோ அதனை மறந்து இன்பத்தில் திளைப்பது. தலைமுறைக்கு 40 ஆண்டுகளாக, ஏறத்தாழ 120 ஆண்டுகளில் ஆட்சி முதுமை எய்தும் என்பது அவர் கணிப்பு. தொடக்கத்தில் வரி குறைவாகவும் வருவாய் மிகுதியாகவும் இருக்கும். ஆடம்பரம் பெருகப் பெருக வரி ஏறும், உழைப்போர் ஊக்கம் இழப்பர், வருவாய் சுருங்கும். அநீதி நாகரிகத்தையே அழிக்கும் என்று அவர் தனியே விளக்கினார்.

ஆட்சியின் மூப்பை மனித உடலின் மூப்புப் போல இயற்கையானதாகவே அவர் கருதினார். எனினும், இது முடிமன்னர் மரபுகளைக் கண்டு அவர் கூறியது. ஆட்சி மாறாமலே ஆள்வோரை மாற்றும் வழியை அவர் கண்ட நாடுகள் பெற்றிருக்கவில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டு

அத்தகைய வழியொன்றை வகுக்க முயன்ற தமிழகச் சபை ஒன்று உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. இவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவ்வோலையை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படித்தல் வேண்டும். கைக்குள் வேறோலை மறைத்தல் கூடும் என்னும் முன்னெச்சரிக்கை இதில் வெளிப்படுகின்றது.

அடுத்து, முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தோர் மீண்டும் வருதல் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியிழந்தனர். முதற் கல்வெட்டில் வயது 30 முதல் 60 வரை. இரண்டாம் கல்வெட்டில் 35 முதல் 70 வரை. இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தி விரித்து மீண்டும் கல்லில் பொறித்தனர். கல்லில் பொறித்ததும் திருத்தத்திற்கு உரியதே என்று அச்சபையார் ஏற்றுக்கொண்டமையே நாம் போற்றத்தக்கது.

எனினும், இதனையும் நிறைவான மக்களாட்சி என்று கூறுதல் பொருந்தாது. இது பிரமதேய ஊரொன்றின் சபை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையோர்க்கே வாய்ப்பிருந்தது. ஏரி வாரியம் காத்த நீரில் உழுது பயிரிட்ட எளியோரும் மகளிரும் அச்சபைக்குப் புறத்தே நின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் சான்றுகள்

அனைவர்க்கும் வாக்குரிமை அளித்துவிட்டால் மட்டும் குறை நீங்கிவிடுமா? ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பு, 20 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கியது. அவ்வமைப்பின் வழியாகவே 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் தலைமை அமைச்சரானார். மார்ச் 23-இல் நாடாளுமன்றமே தன் சட்டமியற்றும் அதிகாரத்தை அவர் அரசுக்கு வழங்கிவிட்டது. மறுபுறம், சமத்துவத்தைக் குறிக்கோளாகக் கொண்டு 1917-இல் எழுந்த சோவியத் ஆட்சி, மாற்றுக் குரலுக்கு இடமளியாது இறுகி, 1991 டிசம்பரில் கலைந்தது.

நம் நாட்டில் 1975 ஜூன் 25-இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. மக்களாட்சி தோற்றதற்கு இது சான்று. ஆனால், 1977 மார்ச்சுத் தேர்தலில் மக்கள் அவ்வாட்சியை மாற்றினர். 1978-இல் 44-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது. உள்நாட்டுக் குழப்பம் என்னும் காரணம் நீக்கப்பட்டு, ஆயுதக் கிளர்ச்சி என்னும் குறுகிய காரணம் வைக்கப்பட்டது. நெருக்கடிநிலையிலும் உயிர்க்குரிய உரிமையைக் காக்கும் நீதிமன்ற வழியை அடைக்க இயலாதவாறு தடுக்கப்பட்டது. 919-இல் எழுதியதை 921-இல் திருத்திய அதே அறிவு இங்குச் செயற்படக் காண்கின்றோம்.

இத்தகைய திருத்தும் வழி உயிர்களையே காக்கின்றது என்பதற்குப் பஞ்சங்கள் சான்றாகும். 1943-இல் அயலார் ஆட்சியில் வங்கத்தில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1959 முதல் 1961 வரை சீனத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். தேர்தலும் ஓரளவு சுதந்திரமான செய்தித்தாள்களும் உள்ள மக்களாட்சி நாட்டில் பெரும் பஞ்சம் நேர்வதில்லை என்பது அமர்த்தியா சென் அவர்களின் முடிவு. எனினும், அன்றாடப் பசியையும் ஊட்டக் குறைவையும் நம் மக்களாட்சி இன்னும் ஒழிக்கவில்லை. பெருந்துயர் செய்தியாகின்றது, நாள்தோறும் குறையுண்ணும் குழந்தை செய்தியாவதில்லை. கேட்கும் குரல் எங்கே நிற்கின்றதோ, அங்கே ஆட்சியின் நீதியும் நின்றுவிடுகின்றது.

ஒதுங்குதல் தீர்வாகுமா?

இனி, முதலில் கூறிய இரு குரல்களுக்கு வருவோம். எந்த ஆட்சியும் நிறைவுபெறாது என்பது உண்மையே. ஆனால், அதிலிருந்து எல்லா ஆட்சியும் ஒன்றே என்னும் முடிவு பிறவாது. நோயில்லாத உடல் எவர்க்கும் இல்லை. அதனால் மருத்துவம் வீண் என்று எவரும் கூறுவதில்லை.

இறைவனின் ஆட்சியை நம்புவோர்க்கு இக்கடமை மிகுமேயன்றிக் குறையாது. மனிதன் பூமியில் இறைவனின் பிரதிநிதி. அவன் கையிலுள்ள அதிகாரம் அமானத், அதாவது ஒப்படைக்கப்பட்ட பொருள். ஒப்படைத்தவன் கணக்குக் கேட்பான் என்று நம்புகின்றவன், தன்னால் ஆளப்படுவோர்க்குக் கணக்குக் காட்டத் தயங்குதல் முறையன்று. கணக்குக் கேட்கத் தவறுதலும் முறையன்று.

இக்கடமை தலைநகரில் தொடங்குவதன்று. 1992-இல் நிறைவேறிய 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடமளித்தது. தமிழகம் 2016-இல் அதனைப் பாதியாக உயர்த்தியது. உத்தரமேரூர்ச் சபைக்குப் புறத்தே நின்றோர்க்கு இன்று கதவு திறந்துள்ளது. கிராம சபையில் வரவுசெலவை வினவுவோர் எத்தனை பேர்? நம் ஜமாஅத்துகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், மாணவர் மன்றங்களிலும் ஆண்டுக் கணக்கு அனைவர் முன்னும் படிக்கப்படுகின்றதா? கணக்குக் காட்டாதோர் மீண்டும் பொறுப்புக்கு வருதல் கூடாது என்னும் விதி அங்கெல்லாம் உண்டா? இவ்வினாக்களை எழுப்பும் இளைஞரைப் பெரியோர் அடக்காது வரவேற்றல் வேண்டும். இளைஞரும் பணிவோடும் சான்றோடும் வினவப் பழகுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் உண்மைகள் புலனாகின்றன. மனிதன் வகுத்த எந்த ஆட்சி வடிவமும் முழுநிறைவு பெற்றதில்லை; வகுப்பவனும் ஆள்பவனும் குறையுடைய மனிதரே ஆதலின், இனியும் பெறப்போவதில்லை. நல்லவர் ஆண்டால் மட்டும் போதும் என்பதை நெடுஞ்செழியனின் முடிவும் உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்களுக்குப் பின்வந்த காலமும் மறுக்கின்றன. நல்ல சட்டம் மட்டும் போதும் என்பதை வைமர் மறுக்கின்றது. தன் பிழையைக் கூறும் குரலுக்கு இடமளித்து, அப்பிழையைத் திருத்தும் வழியையும் எழுதி வைத்த ஆட்சி, ஏனையவற்றினும் மேலானது. அவ்வழி அடைபடாது காத்தல் ஆளப்படுவோரின் பொறுப்பாகும். ஆகவே, மனித ஆட்சி வெற்றிபெறுமா என்று வினவி ஒதுங்கி நிற்பதினும், நம் கைக்கெட்டிய பொறுப்பில் கணக்குக் காட்டியும் கணக்குக் கேட்டும் வாழ்தலே அறிவுடையோர்க்கு ஏற்றதாகும்.