முதல் ஆர்டர் போடும் தங்கைக்கு



தமிழ்ச் சங்கத்தில் ஸ்டால் போடும்போது குர்த்தா டேக்கில் 'சஸ்டைனபிள்', 'எத்திகல்' என்று அச்சடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி, 'சஸ்டைனபிள்' மாதிரிச் சொற்களைப் போடுகிறவர் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். அது ஒருபுறம் இருக்கட்டும். ஆர்கானிக் காட்டன் வாங்கினால் போதும், பிராண்ட் நல்ல பிராண்ட் ஆகிவிடும் என்று நீ நம்புவதுதான் எனக்குக் கவலை. இத்தனை வருஷம் மெர்ச்சண்டைசர் வேலையில் நான் பார்த்தவரை, தைக்கிறவருக்கு நல்லது நடப்பதும் கெட்டது நடப்பதும் ஆர்டர் பேப்பரில்தான். என்ன விலை, எந்தத் தேதி, பணம் எப்போது. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருகிறது.

கூலியிலிருந்து தொடங்கு. முகமதுபூர் சந்தில் உனக்குத் தைத்துக் கொடுக்கும் மாஸ்டர்ஜி சொன்ன ரேட்டை அப்படியே ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். ஒரு நாள் அவர் மெஷின் பக்கத்தில் உட்கார். காலர், பட்டன் பட்டி, கை ஏற்றுவது, பக்க ஓப்பன், கீழ் மடிப்பு, கடைசியில் பிசிர் வெட்டி அயர்ன் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள். ஒரு குர்த்தாவுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் நிலவரப்படி டெல்லியில் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி மாதம் 22,411 ரூபாய். 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 862. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்குச் சுமார் 108. அப்படியானால் உன் குர்த்தாவின் தையல் கூலி 162 ரூபாய்க்குக் கீழே இறங்கக் கூடாது. மெஷின் தேய்மானமும் கரண்ட் பில்லும் தனி. இதற்குக் குறைவாக அவரே கேட்டாலும், நீ ஏற்றிக் கொடு. வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவர் குறைத்துச் சொல்கிறார்.

பட்டன் கட்டுவதும் முத்து கோப்பதும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களிடம் போகும். அந்தப் பெண்கள் யார் கணக்கிலும் வருவதில்லை; தரகர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார். டெல்லியில் சேவா அமைப்பின் துணையோடு, வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களே பங்குதாரர்களாக நடத்தும் 'ரூஆப்' என்ற நிறுவனம் இருக்கிறது. கைவேலையை அவர்களிடம் நேரடியாகக் கொடுக்க முடியுமா என்று பார்.

அடுத்தது தேதி. சாம்பிளை ஓகே செய்ய நீ பத்து நாள் எடுத்துக்கொண்டு, டெலிவரி தேதியை மட்டும் அப்படியே வைத்திருந்தால், அந்தப் பத்து நாளும் யாரோ ஒருவரின் ராத்திரித் தூக்கத்திலிருந்துதான் போகும். பெரிய பிராண்டுகள் செய்யும் கொடுமையிலேயே கண்ணுக்குத் தெரியாத கொடுமை இது.

பிறகு எண்ணிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போ. வாங்குவதற்காக இல்லாமல் பார்ப்பதற்காகப் போ. குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் கழுத்துப் பக்கம் பார்த்தால் லேபிளைப் பாதியில் கத்தரித்திருப்பார்கள், இல்லாவிட்டால் மார்க்கரால் அழித்திருப்பார்கள். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, ரிஜெக்ட் ஆனது, ரத்தானது எல்லாம் அங்கே வந்து சேர்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது வெளிநாட்டு பிராண்டுகள் பல, தைத்து முடித்த ஆர்டரையே ரத்து செய்தன. துணிக்குக் காசு போட்டவர் ஃபாக்டரிக்காரர், சம்பளம் இழந்தவர் தொழிலாளி. விற்கும் என்று உறுதியாகத் தெரிந்த அளவுக்கு மட்டும் வெட்டச் சொல். ஐம்பது பீஸ் போதுமென்றால் ஐம்பதே போடு, மீட்டர் விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வெட்டி மிஞ்சும் துண்டையும் தூக்கிப் போட வேண்டாம். இதே டெல்லியில் டூடுலேஜ் என்ற பிராண்ட் ஃபாக்டரிகளின் மிச்சத் துணியிலிருந்தே உடை செய்து விற்கிறது.

திருப்பூரிலிருந்து பனியன் துணி எடுக்கப் போவதாகச் சொன்னாய். சாயத்துக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் நொய்யல் வழியாகச் சாயக் கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகளும் நிலமும் பாழாயின. அவர்கள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறை ஓட்ட முடியும் என்றானது. அதற்குச் செலவு அதிகம், அதனால் ரேட்டும் கூடும். ஊர் ரேட்டைவிட ரொம்பக் குறைத்து ஒருவர் சாயம் போட்டுத் தருகிறேன் என்றால், அந்தக் காசை ஏதோ ஒரு கிணறு கொடுக்கிறது.

திண்டுக்கல் விஷயமும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமை ஏற்று நடத்தும் தொழிற்சங்கம் விடாமல் போராடியதன் பலனாக, ஆலைக்குள் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பிராண்டுகள் அதில் சட்டப்படி கட்டுப்பட்டன. அதன்படி ஆலைக்குள் கண்காணித்தவர்கள் தொழிலாளிப் பெண்களே. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போகும் ஆடிட்டருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்தது.

உன்னுடையது மூன்று மெஷின் அளவு பிராண்ட். ஆனாலும் காகிதத்தில் எழுதிக் கட்டுப்பட உன்னாலும் முடியும். உன் ஆர்டர் பேப்பரில் இதைச் சேர்: டிசைனையோ தேதியையோ நான் மாற்றினால் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என் செலவு, வெட்டிய பிறகு ரத்து செய்தால் முழுத் தொகையும் தருவேன், சரக்கு கைக்கு வந்து 45 நாளுக்குள் பணம். சிறு தொழில்களுக்கான 2006ஆம் வருஷச் சட்டமே அதற்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறது, நீ 15 நாளில் கொடுக்கப் பார். இதை இந்தியில் எழுதி, மாஸ்டர்ஜிக்கு வாசித்துக் காட்டி, அவர் சேர்க்கச் சொல்வதையும் சேர்த்துவிட்டு, முதலில் நீ கையெழுத்துப் போடு.

அன்புடன்,
உன் அக்கா
ஆர்.கே.புரம், புது தில்லி