ஒரே படிவம், ஊருக்கொரு எல்லை



கருவுற்ற பெண்களிடமும் பிள்ளை பெற்றவர்களிடமும் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் அதிகம் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். ஜான் காக்ஸும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் ஸ்காட்லாந்தில் உருவாக்கி 1987-இல் வெளியிட்டது. கேள்விகள் பத்து. கடந்த ஏழு நாள்களில் மனம் எப்படி இருந்தது என்பதற்கு ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30.

பொதுவான மனச்சோர்வுப் படிவங்கள் தூக்கம், பசி, களைப்பு பற்றி விசாரிக்கும். பச்சை உடம்புக்காரிக்குத் தூக்கம் ஏது? களைப்பில்லாத நாள் ஏது? அவற்றை நோய்க்குறியாக எண்ணினால் பாதி ஊர் நோயாளியாகிவிடும். அதனால் இதில் உடற்குறிகள் பெரும்பாலும் இல்லை. தூக்கம் ஒரே ஒரு கேள்வியில் வருகிறது. அதுவும், மனவேதனையால் தூக்கம் கெட்டதா என்றுதான். 

வேறு மொழிக்குக் கொண்டுபோவதற்கு மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. இருமொழி அறிந்த ஒருவர் பெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு உள்ளூர்ப் பெண்கள் சிலரிடம் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அவர்களின் மதிப்பெண்ணை அறியாத மருத்துவர் தனியே நேர்காண வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எந்த எண்ணிலிருந்து கவலைப்பட வேண்டும் என்ற எல்லை தெரியும்.

அந்த எண் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஸ்காட்லாந்தில் 13-உம் அதற்கு மேலும். 2005-இல் வெளியான தமிழ்ப் படிவ ஆய்வில் 9. வட வியட்நாமில் 4 வரைகூட இறங்கியது. எண் தாழ்ந்த ஊரில் துயரம் குறைவு என்று பொருளல்ல. குழந்தை பிறந்த வீட்டில் அழுதேன் என்று சொல்வது நன்றிகெட்ட பேச்சாகத் தோன்றலாம். அந்நியரிடம் மனம் திறக்கும் வழக்கமே இல்லாதிருக்கலாம். எழுத்தறியாத தாய்க்கு வாசித்துக் காட்டும்போது, ‘சில சமயம்’, ‘அடிக்கடி’ என்ற நுண்ணிய படிகள் கரைந்து ஆம், இல்லை என்று சுருங்கிவிடுகின்றன. ஆனால் வேறுபாடு முழுவதையும் பண்பாட்டின் தலையில் கட்டுவதும் தவறு. பல ஆய்வுகளில் நோயுற்ற பெண்கள் மிகச் சிலரே. சிறு மாதிரியில் எல்லை தற்செயலாகவும் ஆடும். பல நாடுகளின் 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2020-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, 11 பொதுவாகப் பொருந்துவதாகக் கண்டது. உள்ளூரில் நன்கு நடந்த ஆய்வு இருந்தால் அதன் எண்ணே முதலில் எடுக்கத்தக்கது.

எண்ணை விடப் பெரிய சிக்கல், கேட்கும் இடம். வேலூர் மாவட்டக் கிராமங்களில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவீதம். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், கைத்துணை இல்லாமை ஆகியவை அதனோடு சேர்ந்து வந்தன. அந்த மாமியாரையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டால் விடை என்னவாக இருக்கும்? மொழி தெரியாத ஊரில் கணவரை மொழிபெயர்க்கச் சொல்வதும் அதே தவறுதான். வீட்டாரைச் சாராத மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

பிரசவித்த மூன்றாம் நாளையொட்டி வரும் அழுகை பெரும்பாலும் இரு வாரங்களுக்குள் தானே அடங்கும். அதற்குள் கேட்டால் மதிப்பெண் வீணாக ஏறும். ஆறாம் வாரத் தடுப்பூசி நாள் வசதியானது. கர்ப்ப காலத்திலும் ஒருமுறை கேட்க வேண்டும்.

மதிப்பெண் ஐயத்தைத்தான் காட்டும். நோய் உண்டா என்பதை நேர்காணல்தான் முடிவுசெய்யும். பத்தாம் கேள்வி மட்டும் விதிவிலக்கு. அது தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதில் 0 தவிர வேறு விடை வந்தால் அன்றைக்கே, வீட்டுக்கு அனுப்புமுன், தனியே பேசி மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.