தேற்றம் என்னும் சொல்

உறுதி, வாக்குறுதி, உத்தரவாதம் என இன்று பலவாறாக வழங்கும் பொருளுக்குத் தமிழில் ‘தேற்றம்’ என்னும் பழஞ்சொல் உண்டு. தேறு என்னும் வினைக்குத் தெளிதல் என்பது பொருள். கலங்கிய நீர் வண்டல் அடியிற் படியத் தெளிவது தேறுதல். அவ்வாறு தெளியச் செய்வது தேற்றுதல். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தே இழைத்து நீரைத் தெளிவித்த வழக்கத்தை நம் மூத்தோர் அறிவர். கலித்தொகைத் தலைவி ஒருத்தி கலக்கம் நீங்கியதற்கு அவ்வாறு தெளிந்த நீரே உவமையாகின்றது. (தேறல் என்பது தெளிந்த கள், நாம் நீரோடு நிற்போம்.) எனவே ஒருவரைத் தேற்றுதலாவது, அவர் நெஞ்சிலுள்ள ஐயக் கலங்கலைப் படியச் செய்தலாம். நோயினின்று தேறுதல், தேர்வில் தேறுதல், கணிதத் தேற்றம் ஆகிய வழக்குகளும் இவ்வினையின் வழிவந்தனவே.

‘உறுதி’யின் வரலாறு வேறு. அமைச்சு அதிகாரத்தில் வள்ளுவர் உறுதி என்றது நன்மையை. அறம் முதலிய நான்கை உறுதிப்பொருள் என்பதும் இக்கருத்தினாலேயே. அங்கெல்லாம் வாக்குறுதி எனப் பொருள்கொண்டு மாணவர் மயங்குதல் கூடாது.

தொல்காப்பியர் ஏகார இடைச்சொல்லின் ஐந்து பொருள்களுள் தேற்றத்தையும் ஒன்றாக வைத்தார். மறுமை உண்டு என்பதை ஐயமற உரைக்கும் தொடரை உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். களவியலிலோ அச்சொல் காதலர்க்கு உரியதாகின்றது. பிரியேன் எனத் தலைவன் தலைவிக்கு அளிக்கும் உறுதி ‘தீராத் தேற்றம்’ எனப்படும். அவ்விடத்தே சாட்சி எவரும் இலர். பொய்யும் இழுக்கமும் தலைகாட்டிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று கற்பியலில் அவரே உரைப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. தனிமையிற் சொன்ன தேற்றம் பொய்த்தபோது பலர் அறிந்த சான்று வேண்டப்பட்டது.

‘வாக்குக் கொடுத்த பின் எழுத்து எதற்கு? நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்பாரை நாம் இன்றும் காண்கின்றோம். வள்ளுவர் இதனை ஒப்பார். தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாது எவரையும் தேறலாகாது என்றும், ஆராய்ந்து தேறியபின் ஐயுறலாகாது என்றும் வரையறுத்தார். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தவணைக் கடனைப் பற்றியதே. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிக்கொள்ளச் சலியாதீர் என்றும், சாட்சிகளை வைத்துக்கொள்க என்றும் அது பணிக்கின்றது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று, ஐயம் எழாதிருத்தல். இது தேற்றமே அன்றோ! எழுத்து நம்பிக்கைக்குப் பகையன்று. அது தேற்றாங்கொட்டையின் தொழிலைச் செய்கின்றது. அடுத்த வசனம், ஒருவரையொருவர் நம்பி ஒப்படைத்தால் பெற்றவர் அந்த அமானிதத்தை நிறைவேற்றுக என்கின்றது. ஆகவே எழுதப்படாத சொல்லும் கடமையே.

நம் ஊர்களில் நிகாஹ் பதிவேட்டில் மஹர் தொகையை எழுதிச் சாட்சிகள் ஒப்பமிடுகின்றனர். அதே பந்தலில் உறவினர் ஒருவர் கைமாற்றாகத் தரும் பெருந்தொகைக்கோ ஒரு துண்டுச் சீட்டும் எழுதப்படுவதில்லை.