ஒன்றாம் நம்பர் தெரிந்த பிறகே வயர்

பழைய அம்பாசிடர் பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: பிளக் வயர் நான்கையும் கழற்றியாகிவிட்டது, எது எதில் போகும்? ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பது பலருக்கும் மனப்பாடம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் எந்தக் குழியிலிருந்து எண்ணுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். "ஒன்று இந்த மூலையில்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். யாராவது எப்போதோ டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாற்றிப் பூட்டியிருந்தால் அந்த இடம் மாறியிருக்கும்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த 1489 சிசி எஞ்சினில் ரேடியேட்டர் பக்கம் இருப்பதே முதல் சிலிண்டர். சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நான்கு பிளக்கையும் கழற்றிவிடுவேன், சுற்றுவது சுலபமாகும். முதல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, இன்னொருவரை முன்னாலிருந்து ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றச் சொல்வேன். நான்கு ஸ்ட்ரோக்கும் முடியும் ஒரு சுழற்சியில் பிஸ்டன் இருமுறை மேலே வரும். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வருவதுதான் கம்ப்ரஷன். புல்லியின் வெட்டு டைமிங் கவர் முள்ளுக்கு நேரே வந்ததும் நிறுத்தி மூடியைத் திறந்தால், ரோட்டர் காட்டும் குழி ஒன்றாம் நம்பர். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 3, 4, 2. பிரீமியர் பத்மினிக்கும் ஆர்டர் இதேதான். ரோட்டர் சுற்றும் திசையை மட்டும் எஞ்சினைச் சுற்றிக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2, 3 வயர்கள் இடம் மாறினால் வண்டி இரண்டு சிலிண்டரில் நடுங்கிக்கொண்டு ஓடும். எல்லாமே எதிர்ப்புறம் மாறினால் ஸ்டார்ட் ஆகாது, கார்ப்ரேட்டர் வழியே பேக்ஃபயர் அடிக்கும். எங்கள் பக்கத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டிச் சிவகாசி போகிற வழியில் மிஸ்ஸிங் அடித்தால், பட்டாசு ஆலைக்கோ கடைக்கோ குடோனுக்கோ அருகில் பானெட்டைத் திறக்கவே கூடாது. தள்ளிக்கொண்டே தூரமாகப் போய்விடுங்கள். ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதே என்பார்கள். அது சைலன்சர் பொறியைத்தான் தடுக்கும். வயரைக் கழற்றி பாடியில் காட்டிப் பொறி பார்க்கும் பழக்கத்தை இந்த வட்டாரத்தில் அடியோடு விட்டுவிட வேண்டும் என்பேன்.

வயரை இழுக்கும்போது ரப்பர் மூடியைப் பிடித்து இழுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கம் கரிக்கோடு தெரிந்தால் புதியது போடுங்கள், துடைத்துப் பயனில்லை. பிளக் இடைவெளி 0.025 அங்குலம். அழகாக இருக்கட்டும் என்று 3, 4 வயர்களை ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றாதீர்கள்; அடுத்தடுத்துப் பொறி வாங்குபவை அவை, ஒன்றின் மின்சாரம் மற்றதைத் தூண்டிவிடும். விரல் நுழையும் அளவு விலக்கி, கிளிப்பில் மாட்டுங்கள்.